தண்ணி இல்லாத ஊருல கொசுக்காய்ச்சல் எப்படி வருது?

நம்ம கடலோரத்துல பல பேர் கேக்குற கேள்வி இது. பாம்பன் மண்டபத்துலேர்ந்து அங்கிட்டு கீழக்கரை ஏர்வாடி சாயல்குடி, இங்கிட்டு தேவிபட்டினம் தொண்டி வரைக்கும் வருசத்துல முக்காவாசி நாள் வானம் காஞ்சு தான் கெடக்கு, ஊருணி வத்திருது, கண்மாய்க்குள்ள கருவேலம் தான் நிக்குது, தேங்கி நிக்க தண்ணியே இல்லாத ஊருல சிக்கன்குனியாவும் டெங்குவும் எங்கேர்ந்து வருது?

தண்ணி பத்தாததால தான் வருது. இந்த ஒண்ணு புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் வரிசையா புரியும், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், டாக்டருக்கு படிச்சிருக்கணும்னு எல்லாம் இல்ல.

மொதல்ல கொசு. கொசுன்னா எல்லாம் ஒரே ஜாதி இல்ல. ராத்திரி காதுகிட்ட வந்து ஙொய்யுனு கத்துதே அது கியூலெக்ஸ், சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் வளரும், யானைக்கால் பரப்புறது அது தான். மலேரியா பரப்புறது அனாபிலிஸ். ராமேஸ்வரம் தீவுல ஒரு காலத்துல மலேரியா ரொம்ப இருந்துச்சு, சவுக்குக் கன்னுக்கு தண்ணி எடுக்க மணல்ல தோண்டுற குழியில அந்தக் கொசு வளருதுன்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. நாம பேசப் போறது மூணாவது ஒண்ணு, ஏடிஸ் எஜிப்டி. சின்னதா கருப்பா இருக்கும், கால்ல வெள்ளை வெள்ளையா பட்டை போட்டிருக்கும், சத்தமே பெருசா வராது, பகல்ல தான் கடிக்கும், அதுவும் காலையில வேலை ஓடுற நேரம் பொழுது சாயுற நேரம் ரெண்டுலயும் ஜாஸ்தி, பெரும்பாலும் கணுக்கால்ல. கடிச்சிட்டு எங்கயும் ஓடிறாது, கொடியில தொங்குற துணிக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, இருட்டா இருக்கிற மூலையில உக்காந்துக்கும். ரொம்ப தூரம் பறக்கவும் தெரியாது, நூறு இருநூறு மீட்டர், மிஞ்சிப் போனா நானூறு. அதாவது உங்களக் கடிக்கிறது உங்க வீட்டுல பொறந்தது, இல்ல பக்கத்து வீட்டுல பொறந்தது.

இந்தக் கொசுவுக்கு சாக்கடை ஆகாது. நல்ல தண்ணி வேணும். நம்ம ஊருல நல்ல தண்ணி எங்க இருக்கு? தரையில இல்ல, ஆத்துல இல்ல, நிலத்தடியில தோண்டுனா உப்பு. வீட்டுக்குள்ள தான் இருக்கு, டிரம்லயும் சிமெண்ட் தொட்டியிலயும் அண்டாவுலயும். காவிரி கூட்டுக் குடிநீர் வந்ததுக்கு அப்புறம் நிலைமை கொஞ்சம் மாறிச்சு, ஆனா அது தினம் வர்ற ஊரு எத்தனை இருக்கு சொல்லுங்க. மத்த இடத்துல எல்லாம் முறை வச்சு தான் விடுறாங்க, குழாய் உடைஞ்சா அந்த முறையும் இல்ல, அப்புறம் தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டு நாலு தெரு தாண்டிப் போகணும், இல்லன்னா டேங்கர்காரன்கிட்ட குடத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கணும், அதுவும் இல்லாத இடத்துல பொம்பளைங்க மணல்ல ஊத்து தோண்டி கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு ஊத்துறாங்க. இப்படிக் கொண்டாந்த தண்ணிய யாராச்சும் தூக்கி ஊத்துவாங்களா, சேத்து தான் வைப்பாங்க.

இப்ப அந்த டிரம்முக்குள்ள எட்டிப் பாப்போம். பொம்பளைக் கொசு முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல, ஈரமா இருக்கிற சுவத்துல ஒட்டி வைக்கும். மொளகுத்தூள்ல ஒரு துகள் அளவு தான் இருக்கும், கருப்பா. தண்ணி செலவாக செலவாக மட்டம் கீழ எறங்கும், முட்டை காஞ்ச சுவத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், செத்துப் போகாது, மாசக்கணக்குல அப்படியே தாங்கும். அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ தண்ணி வருது, டிரம்ம நெறைக்கிறோம், தண்ணி மேல ஏறி முட்டைய நனைக்குது, பொரிச்சிருது. ஒரு வாரம் பத்து நாள்ல புழு, கூட்டுப்புழு, அப்புறம் பறக்குற கொசு. மட்டம் எறங்குறதும் ஏறுறதுமா இருக்கணும், ஆனா தொட்டி முழுசா காலியாகவே கூடாது, இந்தக் கொசு கேக்குறது இது தான், முறை வச்சு தண்ணி விடுற ஒவ்வொரு ஊரும் அதுக்கு இத சரியா குடுத்துக்கிட்டு இருக்கு. அதனால தான் தொட்டிய சும்மா கவுத்து ஊத்துனா பத்தாது, உள் சுவத்த தேங்காநாரோ பிரஷோ போட்டு நல்லா தேய்க்கணும், தேய்க்காம விட்டா அடுத்த தண்ணிக்கு முட்டை ரெடியா காத்துக்கிட்டு இருக்கும்.

புழுவ பாக்கணும்னா டார்ச் அடிச்சுப் பாருங்க. மேல் தண்ணியில தலைகீழா தொங்கிக்கிட்டு இருக்கும், வால் பக்கத்துல ஒரு குழாய் இருக்கு, அத மேல நீட்டி மூச்சு விடும். வெளிச்சமோ நிழலோ பட்டா ஒடனே நெளிஞ்சு நெளிஞ்சு அடியில போயிரும், நாம தண்ணி சுத்தமா இருக்குன்னு நெனச்சு மூடிருவோம். கொஞ்ச நேரம் அசையாம நின்னு பாத்தா திரும்ப ஒவ்வொண்ணா மேல வரும்.

சரி, கொசு மட்டும் இருந்தா நோய் வராது, அதுக்கு வைரஸ் வேணும். கொசு பொறக்கும்போதே வைரஸோட பொறக்குறது ரொம்ப அபூர்வம். ஏற்கனவே காய்ச்சல்ல இருக்கிற ஒருத்தர அது கடிக்கணும், ரத்தத்தோட வைரஸ் கொசு வயித்துக்குள்ள போகும், அங்க பெருகி எச்சி சுரப்பிக்கு வந்து சேர சில நாள் ஆகும், டெங்குன்னா எட்டுலேர்ந்து பன்னெண்டு நாள் வரை, சிக்கன்குனியா அத விட சீக்கிரம். அதுக்கப்புறம் அந்தக் கொசு சாகுற வரைக்கும் கடிக்கிற ஆளுக்கெல்லாம் ஏத்தும். கடி வாங்குனவருக்கு சிக்கன்குனியா மூணுலேர்ந்து ஏழு நாளுக்குள்ள காய்ச்சலா வெளிய வரும். காய்ச்சல் ஆரம்பிச்ச மொத வாரம் அவர் ரத்தத்துல வைரஸ் நெறைய இருக்கும், அந்த நேரத்துல அவர இன்னொரு கொசு கடிச்சா சங்கிலி நீளும். இங்க ஒண்ணு சொல்லணும், நம்ம வீடுகள்ல காய்ச்சக்காரங்கள பகல்ல திண்ணையில படுக்க வச்சிருவோம், காத்து வரும்னு. அவங்களுக்கு தான் பகல்லயே கொசுவலை கட்டணும், அவங்களக் காப்பாத்த மட்டும் இல்ல, மத்தவங்களையும் காப்பாத்த.

இப்ப இந்த வைரஸ் எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு பாப்போம், எனக்கு இதுல ரொம்ப உறைச்சது இந்தக் கதை தான். சிக்கன்குனியாவ மொத மொதல்ல கண்டுபிடிச்சது 1952-53ல, ஆப்பிரிக்காவுல இன்னைக்கு தான்சானியான்னு சொல்ற நாட்டுல, மகோண்டே பீடபூமியில. மரியன் ராபின்சன், லம்ஸ்டன்னு ரெண்டு டாக்டருங்க 1955ல இத எழுதுனாங்க. அந்தப் பீடபூமியில தண்ணி கெடையாது, சனங்க தூரத்துலேர்ந்து தண்ணி கொண்டாந்து வீட்டுக்குள்ள பானையில சேத்து வச்சிருந்தாங்க, அந்தப் பானையில ஏடிஸ் இருந்துச்சு. படிச்ச ஒடனே எனக்கு முதுகுளத்தூர் கமுதி பக்கத்து வீடுகள் தான் ஞாபகம் வந்துச்சு.

இந்தியாவுக்கு 1963ல வந்துச்சு, மொதல்ல கல்கத்தா, அடுத்த வருசம் மெட்ராஸ், பாண்டிச்சேரி, வேலூர். 1973ல மகாராஷ்டிரா பர்சியில ஒரு தடவ. அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல இந்தியாவுல இது பெருசா தலை காட்டவே இல்ல, புது டாக்டர்கள் பல பேரு புஸ்தகத்துல படிச்சதோட சரி.

2004ல கென்யா கடற்கரையில லாமுன்னு ஒரு தீவுல திடீர்னு கெளம்புச்சு. மீன்பிடிக்கிற பழைய துறைமுக ஊரு அது. அந்த வருசம் அங்க மழை பொய்ச்சு கடும் வறட்சி. வறட்சியில கொசு கொறையணும் தான நாம நெனப்போம், நடந்தது நேர் எதிர், சனங்க வீட்டுல தண்ணிய அதிகமா சேத்து வச்சாங்க, கெடைக்கிற தண்ணி கொஞ்சமா இருந்ததால பாத்திரத்த காலி பண்ணி கழுவுறதும் கொறஞ்சு போச்சு. பின்னால ரத்தம் எடுத்து சோதிச்சதுல ஊர்ல முக்காவாசிப் பேருக்கு தொத்து வந்துட்டுப் போனது தெரிஞ்சுச்சு. அங்கேர்ந்து மொம்பாசா, கொமோரோஸ் தீவுகள், 2005ல பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு. ரீயூனியன்ல நம்ம தமிழ் வம்சாவளி ஆளுங்க நெறைய இருக்காங்க தெரியும்ல, அங்க மொத்தமே 7.7 லட்சம் பேரு, அதுல 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல படுத்துட்டாங்க, கொசு ஒழிக்க பிரெஞ்சு ராணுவத்தையே எறக்குனாங்க. 2005 கடைசியில ஆந்திரா, கர்நாடகா, அப்புறம் 2006ல தமிழ்நாடு. அந்த ஒரு வருசத்துல நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம்னு அரசாங்கக் கணக்கு. அப்ப இருந்தவங்களுக்கு மறக்காது, படகுல வலை இழுத்த ஆளு சுவத்தப் புடிச்சு நடந்தாரு, குடம் தூக்குற பொம்பளைங்களுக்கு விரல மடக்க முடியல, காய்ச்சல் நாலு நாள்ல போயிரும் மூட்டு வலி மாசக்கணக்குல போகாது. உயிர் போறது கொறைவு தான், ஆனா தினக்கூலிக்கும் கடலுக்கும் போற வீட்டுல மூணு மாசம் கை கால் மடங்கலன்னா அது சின்ன விஷயமா என்ன.

முப்பது வருசம் இல்லாதது ஏன் திரும்ப வந்துச்சு? ஒண்ணு, ஒருக்கா வந்தவங்களுக்கு உடம்புல எதிர்ப்பு ரொம்ப காலம் நிக்கும், ஆனா 1973க்கு அப்புறம் பொறந்த தலைமுறைக்கு அந்த எதிர்ப்பு இல்ல, வைரஸுக்கு ஊரே புதுசு. ரெண்டாவது, வந்தது பழைய ஆளே இல்ல, அறுபதுகள்ல வந்தது ஆசிய வகை, 2005ல வந்தது கிழக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து கெளம்புன வகை. மூணாவது விஷயம் தான் சுவாரசியம். இது ஆர்என்ஏ வைரஸ், தன்னைத் தானே நகல் எடுக்கும்போது தப்பு விடும், கை ஓயாம ஒரே கடுதாசிய நூறு தடவ பாத்து எழுதுற ஆளு எங்கயாச்சும் ஒரு எழுத்து மாத்தி எழுதிருவாருல்ல, அப்படி. பெரும்பாலான தப்பால வைரஸுக்கு லாபம் இல்ல. ஆனா ரீயூனியன்ல அதோட மேலோட்டுப் புரதத்துல 226வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுச்சு, அந்த ஒரு மாத்தத்தால ஏடிஸ் அல்போபிக்டஸ்னு இன்னொரு கொசுவுக்குள்ள அது பல மடங்கு நல்லா வளர ஆரம்பிச்சிருச்சு. அந்தக் கொசு தோட்டம் தோப்புல இருக்கிறது. 2007ல கேரளாவுல ரப்பர் தோட்டத்துப் பக்கம் இந்த மாறுன வைரஸ் தான் பிடிச்சு ஆட்டுச்சு. நம்ம வறண்ட பக்கத்துல இன்னும் முக்கிய ஆளு வீட்டுக்குள்ள இருக்கிற எஜிப்டி தான்.

டெங்குவுக்கும் இதே கொசு, இதே டிரம். வைரஸ் வேற குடும்பம், அதுல நாலு வகை இருக்கு, ஒரு வகை வந்து போனா அந்த வகைக்கு மட்டும் தான் நிரந்தர எதிர்ப்பு, ரெண்டாவது தடவ வேற வகை வந்தா ஆபத்து கூடும். 2012லயும் 2017லயும் தமிழ்நாட்டுல டெங்கு எப்படி ஆட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதே 2017ல பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இலங்கையில 1,86,000 பேருக்கு மேல.

இலங்கைன்னதும் இன்னொண்ணு. உப்புத் தண்ணியில இந்தக் கொசு வளராதுன்னு நாம ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தோம். 2011ல யாழ்ப்பாணப் பக்கம் கடலோரத்துல ரஞ்சன் ராமசாமி, சுரேந்திரன்னு விஞ்ஞானிங்க தேடிப் பாத்தப்ப, உப்பு கலந்த கெணத்துலயும் கரையில கெடந்த பிளாஸ்டிக் டப்பாலயும் ஏடிஸ் புழு இருந்துச்சு. முழுக் கடல்தண்ணியில இல்ல, சப்புத் தண்ணியில. அதனால கடற்கரையில எறங்குதளம் பக்கம் கெடக்குற ஒடஞ்ச தெர்மாகோல் மீன் பெட்டி, ஐஸ் பெட்டி, படகு ஒரசாம கட்டித் தொங்க விடுற பழைய டயர், இதெல்லாம் சும்மா கெடக்குதுன்னு விட முடியாது. டயர்ல தேங்குற தண்ணி வெளிய தெரியவே தெரியாது, உள் வளைவுல நிக்கும். படகுல தொங்குற டயருக்கு அடியில ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சது.

அடுத்து சுகாதாரத் துறை என்ன பண்ணுது. நம்ம மாநிலத்துல இதுக்கு பழைய அடித்தளம் இருக்கு, 1939லயே மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் போட்டாச்சு, கொசு வளர விடக்கூடாதுன்னு அதுல தனி அத்தியாயமே இருக்கு. இன்னைக்கு ஒரு ஊர்ல காய்ச்சல் கூடுதுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்து சுகாதார ஆய்வாளரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளருங்களும் வீடு வீடா வருவாங்க. அவங்க கையில வச்சிருக்கிற நோட்டுல எழுதுறது தான் ஊரோட ஜாதகம். நூறு வீடு பாத்தா எத்தனை வீட்டுல புழு இருந்துச்சு, அது ஒரு கணக்கு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்துல புழு இருந்துச்சு, இத பிரட்டோ குறியீடுன்னு சொல்லுவாங்க, 20 தாண்டுனா நோய் பரவ நெலம் பதமா இருக்குன்னு அர்த்தம், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். புழு இருந்தா தண்ணிய ஊத்தச் சொல்லுவாங்க, ஊத்த முடியாத தொட்டிக்கு அபேட் மருந்து விடுவாங்க, கெணத்துல புழு திங்குற கம்பூசியா மீன் விடுவாங்க.

இந்த எடத்துல தான் சண்டை வரும். காலை பத்து மணி வெயில்ல ஒரு புள்ள தொப்பியும் டார்ச்சுமா வாசல்ல நிக்கும், "அக்கா, டிரம்ல புழு இருக்கு, ஊத்திருங்கக்கா"ன்னு சொல்லும், உள்ள இருக்கிற அம்மா, "ஏத்தா, இந்தத் தண்ணிக்கு நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நின்னேன், கீழ ஊத்துனா நீ கொண்டாந்து தருவியா?"ன்னு கேக்கும். ரெண்டு பேரும் சொல்றது ஞாயம் தான். அந்தப் பணியாளருக்கும் பெரிய சம்பளம் எல்லாம் கெடையாது, அதுவும் தினக்கூலி, அதோட வீட்டுலயும் இதே டிரம் தான். ஊத்தாமயே செய்ய வழி இருக்கு, ஒரு வேட்டித் துணிய நாலா மடிச்சு அதுல வடிகட்டி வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு, டிரம்ம தேய்ச்சு கழுவி, திரும்ப ஊத்திக்கலாம், ஒரு குடம் கூட வீணாகாது. அபேட் மருந்து வாடை அடிக்குதுன்னு நெறைய பேரு வேணாம்பாங்க, ஆனா சரியான அளவுல, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், குடிதண்ணிக்கே ஒத்துக்கிட்ட மருந்து அது.

புகை அடிக்கிறதப் பத்தியும் சொல்லிடணும், ஏன்னா காய்ச்சல்னு பேப்பர்ல வந்தா மொதல்ல கேக்குறது "இன்னும் புகை அடிக்கல"ன்னு தான். புகை பறக்குற கொசுவ மட்டும் தான் கொல்லும், அதுவும் நேரா மேல படணும். ஏடிஸ் இருக்கிறது வீட்டுக்குள்ள துணிக்குப் பின்னாடி, நாம வண்டி சத்தம் கேட்டதும் கதவ சாத்திருவோம். முட்டை புழுவெல்லாம் அப்படியே இருக்கும், ஒரு வாரத்துல புதுக் கொசு வந்துரும். காய்ச்சல் வந்த வீட்டைச் சுத்தி ஒடனே அடிச்சா வைரஸ் ஏறுன கொசு கொஞ்சம் சாகும், அந்த அளவுக்கு அது தேவை தான். அதயே முழு நடவடிக்கையா காட்டுறதும் நாம அதப் பாத்து திருப்தியாகுறதும் தான் தப்பு.

காய்ச்சல் வந்துருச்சுன்னா? ரெண்டு வைரஸுக்கும் நேரடி மருந்து இல்ல, ஓய்வு, நெறைய தண்ணி, கஞ்சி, இளநி, காய்ச்சலுக்கு பாராசிட்டமால். டெங்கு இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் ஆஸ்பிரின், டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரையும் ஊசியும் கூடவே கூடாது, ரத்தக்கசிவு ஆகலாம். "ஒரு ஊசி போட்டா எந்திரிச்சிருவேன்"னு நம்ம ஆளுங்க கேட்டு வாங்குறதும், கேட்டதும் போட்டு விடுறதும், பாக்கவே பயமா இருக்கு. டெஸ்ட்டும் நாள் பாத்து எடுக்கணும், டெங்குவுக்கு மொத அஞ்சு நாளுக்குள்ள வைரஸோட புரதத்தத் தேடுற என்எஸ்1, அதுக்கப்புறம் உடம்புல ஊறுற எதிர்ப்பத் தேடுற ஐஜிஎம் எலைசா. ரெண்டாம் நாளே ஐஜிஎம் எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்குப் போயிரக் கூடாது. டெங்குவுல கவனமா இருக்க வேண்டியது காய்ச்சல் விடுற நேரம், மூணாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவுல, சூடு கொறஞ்சிருச்சுன்னு வீட்டுல எல்லாரும் நிம்மதியாகுறப்ப தான் சிலருக்கு வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுனு ஆகுறது எல்லாம் வரும், அதப் பாத்த ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு கெளம்பிரணும். நெலவேம்பு குடிநீர் குடிக்கிறவங்க குடிங்க, ஆனா அதக் குடிச்சுட்டோம்னு ஆஸ்பத்திரி போகாம இருந்துறாதீங்க. சிக்கன்குனியாவுல வயசானவங்க, பச்சப் புள்ளைங்க, பிரசவ நேரத்துல காய்ச்சல் வந்த தாய்மாருங்க, இவங்களுக்கு கூடுதல் கவனம், பிரசவத்துல தாய்கிட்டேர்ந்து குழந்தைக்குத் தொத்துறத ரீயூனியன்ல தான் மொதல்ல தெளிவா பாத்தாங்க.

இவ்வளவு சொல்லிட்டு ஒண்ணு சொல்லாம விட்டா ஞாயம் இல்ல. நம்ம பக்கத்துல எந்த விழிப்புணர்வு நோட்டீஸ் அடிச்சாலும் "தண்ணிய சேமித்து வைக்காதீர்கள்"னு போடுறாங்க. சேத்து வைக்காம என்ன செய்யிறது, அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுற ஊர்ல அந்த நோட்டீஸ யாரு ஏத்துக்குவா. டிரம் வச்சிருக்கிற பொம்பளைய குத்தம் சொல்றது ரொம்ப ஈசி. தினம் ஒரு மணி நேரம் தண்ணி வந்தா அந்த டிரம்மே வேண்டியதில்ல, அதனால குடிநீர் வாரியமும் ஊராட்சியும் செய்யிற வேலையும் காய்ச்சல் தடுப்பு வேலை தான், அந்தக் கணக்குல அத யாரும் எழுதுறது இல்ல. அது நடக்குற வரைக்கும் டிரம்முக்கு இறுக்கமான மூடி வேணும், சும்மா பலகைய வச்சு மூடுறது கொசுவுக்கு இன்னும் வசதி, இருட்டா இருக்கும். மூடி இல்லன்னா பழைய வேட்டியோ நைலான் வலையோ போட்டு ரப்பர் டியூப் வெட்டுன வளையத்தால இறுக்கிக் கட்டலாம், வலைக்கு நம்ம கடற்கரையில பஞ்சமா, ஆனா மீன் வலை கண்ணு பெருசு, கொசுவலைத் துணி தான் வேணும்.

அடுத்த கிராம சபையில ரெண்டு கேள்வி எழுந்து நின்னு கேளுங்க. நம்ம ஊருக்கு தண்ணி விடுற கிழமை எது, அத எழுதி போர்டுல போட முடியுமா? போட்டா அந்தக் கிழமைக்கு முந்துன நாள் சாயங்காலம் தொட்டி அடி தட்டி இருக்கிறப்ப ஊரே சேந்து தேய்ச்சு கழுவிக்கலாம், தண்ணியும் வீணாகாது. ரெண்டாவது, போன மாசம் நம்ம ஊர்ல வீடு வீடா பாத்த கணக்குல எத்தனை பாத்திரத்துல புழு இருந்துச்சு? அந்த நோட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கு, நம்ம வீட்டு டிரம்மப் பத்தின நோட்டு தான் அது, கேட்டு வாங்கிப் பாக்கலாம்.